ஏழாம் நம்பர் காற்றாலை

பட்டிமன்றத்தில் பேசுகிறவளுக்குச் சொந்தக் கருத்து என்று ஒன்று இருக்கக் கூடாது என்பதை நான் கர்வமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பத்துப் பதினைந்து வருஷம் அப்படித்தான் ஓடியது. தச்சநல்லூரில் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் டீச்சர் வேலை. சனி, ஞாயிறு என்றால் மேடை. கோயில் கொடை, கல்லூரி ஆண்டு விழா, நகைக்கடைத் திறப்பு விழா என்று எங்கே மைக் கட்டினாலும் போவேன். கூட்டுக் குடும்பம்தான் நல்லது என்று ஒரு வாரம் தொண்டை கிழியப் பேசிவிட்டு, அடுத்த வாரம் பக்கத்து ஊரில் தனிக் குடித்தனம்தான் நல்லது என்று அதே தொண்டையைக் கிழித்துக்கொள்வேன். இரண்டுக்கும் கைத்தட்டல் ஒரே மாதிரிதான் விழும். இது சரியா என்று கேட்பவர்களிடம், வக்கீல் செய்யலாம், நான் செய்யக் கூடாதா என்று எதிர்க் கேள்வி போடுவேன்.

எங்கள் மேடையில் இன்னொரு வழக்கம் உண்டு. பேசுகிறவள் தன் வீட்டையே சரக்காக்க வேண்டும். கணவனின் குறட்டை, மாமியார் வைத்த ரசம், பிள்ளை வாங்கிய மார்க்கு. உண்மையோ பொய்யோ, 'எங்க வீட்ல' என்று ஆரம்பித்தால்தான் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். என் வீட்டுக்காரரின் குறட்டை இந்த மாவட்டத்தில் தெரியாத ஊர் கிடையாது. உண்மையில் அவர் குறட்டை விடுவதில்லை; விடுவது நான். அவர் சில கூட்டங்களுக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்து, தன்னைப் பற்றிய பொய்களுக்கு மற்றவர்களோடு சேர்ந்து சிரிப்பார். வெளியே யாராவது "அண்ணாச்சி, குறட்டை எல்லாம் சௌக்கியமா?" என்று கேட்டால், "அதுக்கென்ன வே, நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார். அவ்வளவு சாதுவான மனுஷன் கிடைத்ததை நான் என் தொழிலுக்கு வாய்த்த அதிர்ஷ்டமாகத்தான் நினைத்தேன்.

அவருக்குக் காற்றாலையில் வேலை. திசையன்விளைக்குத் தெற்கே செம்மண் காட்டில் வரிசையாக நிற்கிற காற்றாலைகளில் பன்னிரண்டை ஒரு கம்பெனி பராமரிக்கிறது. அவற்றின் சொந்தக்காரர்கள் மேற்கே உள்ள நூல் மில்காரர்கள். வருஷத்துக்கு ஒரு தடவை வந்து, காற்றாலைக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். மற்ற நாளெல்லாம் அவற்றைப் பார்த்துக்கொள்வது என் வீட்டுக்காரர் போன்ற ஆட்கள். ஐ.டி.ஐ. படித்தவர், பதினெட்டு வருஷ அனுபவம். காலை ஆறு மணிக்கு வண்ணார்பேட்டையில் கம்பெனி வேனில் ஏறுவார். இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ஏணி வழியாக உச்சி வரைக்கும் ஏறி நட்டு முடுக்கிவிட்டு இறங்குவார். இறங்கியதும் லாக் புத்தகத்தை எடுத்து எழுதுவார்.

அந்த லாக் புத்தகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு காற்றாலையும் எத்தனை மணி நேரம் நின்றது, ஏன் நின்றது என்று அன்றன்றைக்கு எழுத வேண்டும். காரணம் மூன்றில் ஒன்று: காற்று இல்லை, பழுது, வாரியம் நிறுத்தச் சொன்னது. ஆனி, ஆடியில் கணவாய் வழியாகக் காற்று பொங்கி வரும்போது, அத்தனை மின்சாரத்தையும் கொண்டுபோகக் கம்பி போதாது, அந்த நேரத்துக்கு அவ்வளவு தேவையும் இல்லை, நிறுத்தி வை என்று மின்வாரியத்திலிருந்து போன் வரும். அதுதான் மூன்றாவது காரணம். காற்று பேயாக அடிக்கும்போது காற்றாலையை நிறுத்தி வைப்பது அவருக்கு இலையில் சோறு போட்டுவிட்டுக் கையை வைக்காதே என்று சொல்வது மாதிரி. அப்படி நிறுத்திவிட்டு வந்த நாட்களில் வீட்டிலும் சரியாகச் சாப்பிட மாட்டார். அவருடைய கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு நாள் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னேன். கம்பெனி சொத்து, வெளியே எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஸ்டூல் மேல் ஏறி நின்று வீட்டு ஃபேனைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். காற்றாடிக்காரருக்கு லீவு நாளிலும் காற்றாடி துடைக்கிற வேலைதானா என்று கேலி பண்ணினேன். அவர் சிரிக்கவில்லை. துடைத்துக்கொண்டே சொன்னார்:

"ஏழாம் நம்பர்ல கியர்பாக்ஸ் போயிட்டு. ரெண்டு மாசம் ஆச்சு."

"மாத்த வேண்டியதுதான?"

"சாமான் வரணுமாம். வரும்போது வரட்டும்னு இருக்காவ." இறக்கையின் அடிப்பக்கத்தைத் துடைத்தார். "லாக்ல பழுதுன்னு எழுதாதன்னுட்டாவ. வாரியம் நிறுத்தச் சொன்னதுன்னு எழுதணுமாம்."

"எதுக்கு அப்படி?"

"பழுதுன்னா மில்லுக்காரவுகளுக்குக் கம்பெனி ஈடு கட்டணும்லா. வாரியம் நிறுத்திட்டுன்னா யாரும் யாரையும் ஒண்ணும் கேக்க முடியாது."

"நீங்க எழுதுனியளா?"

"எழுதிட்டுதான் இருக்கேன்," என்றார். "என் கையால."

அப்போது அவருடைய முகம் மேலே பார்த்தபடி இருந்தது. அதனால்தான் அவரால் சொல்ல முடிந்தது என்று இப்போது தெரிகிறது. பதினெட்டு வருஷத்தில் அவர் வேலையைப் பற்றி அப்படி ஒரு குரலில் பேசி நான் கேட்டதில்லை. நல்ல பெண்டாட்டியாக இருந்தால், ஸ்டூலை விட்டு இறங்கச் சொல்லி, உட்காரவைத்து, என்ன செய்யலாம் என்று கேட்டிருப்பேன். எனக்குத் தோன்றியது வேறு. மேடைக்கு அருமையான துணுக்கு என்று தோன்றியது. அவர் இறங்கி, துணியை வாசலில் உதறிவிட்டுக் குளிக்கப் போனார். நான் மனசுக்குள் அதை மடித்து வைத்துக்கொண்டேன்.

ஆடியில் பாளையங்கோட்டையில் ஒரு புத்தகக் கண்காட்சி நடந்தது. தினமும் சாயங்காலம் மேடை நிகழ்ச்சி. ஒரு நாள் எங்கள் பட்டிமன்றம். அந்தச் சமயத்தில், மின்வாரியம் விற்கிற மின்சாரத்தில் இத்தனை பங்கைக் காற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும்தான் வாங்கியாக வேண்டும் என்ற விதியை இன்னும் இறுக்கப் போகிறார்கள், பொதுமக்கள் கருத்து எழுதி அனுப்பலாம் என்று பத்திரிகையில் வந்திருந்தது. கண்காட்சிக்காரர்கள் அதையே தலைப்பாக வைத்துவிட்டார்கள்: அரசு இப்படிக் கட்டளையிடுவது தேவையே, தேவையில்லையே. மாமியார் மருமகள் தலைப்பையே பேசிச் சலித்திருந்த எங்கள் குழுவில் எல்லோரும் பின்வாங்கப் பார்த்தார்கள். எனக்கு மட்டும் உற்சாகமாக இருந்தது. எனக்கு ஒதுக்கியது 'தேவையே' அணி.

பத்து நாள் படித்தேன். புரியாததை வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் சாப்பாட்டுத் தட்டில் ஊறுகாயை வைத்துக் கம்பி எப்படிப் போகிறது என்று விளக்கினார். படிக்கப் படிக்க, எனக்கு முதல் தடவையாக ஒரு தலைப்பில் சொந்தக் கருத்து வந்துவிட்டது. பங்குனி வெயிலில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகிறது. ஆடியில் வாசலுக்கு வருகிற காற்றை வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிறோம். கம்பி இழுக்கவும் சேமித்து வைக்கவும் யாராவது அதட்டிச் சொன்னால் ஒழிய எவனும் கையைக் காலை அசைக்கப் போவதில்லை. அதட்டுவது அரசாங்கத்தின் வேலைதானே என்று குறித்துக்கொண்டேன். இன்னொன்றையும் படித்தேன். காற்று மின்சாரத்தை வாங்க முடியாவிட்டால், வேறு எங்கோ வேறு யாரோ எடுத்த காற்று மின்சாரத்துக்கான சான்றிதழை வாங்கிக் காட்டினாலும் போதுமாம். விரதம் இருக்கக் கூலிக்கு ஆள் வைப்பது போல என்று எழுதி அடிக்கோடு போட்டேன். அந்த ஓட்டையையும் அடை, பிறகு கட்டளை போடு என்று முடிப்பதாகத் திட்டம்.

நிகழ்ச்சிக்கு முன்னால் மேடைக்குப் பின்பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தோம். எங்கள் நடுவர் ஒரு ஓய்வுபெற்ற பேராசிரியர். சிரித்த முகத்தோடே கழுத்தை அறுக்கத் தெரிந்தவர். எதிரணியில் பேச வேண்டியவருக்குத் தொண்டை கட்டி, ஆள் வரவில்லை. நடுவர் என்னைப் பார்த்தார்.

"டீச்சரம்மா, நீங்க அங்கன போயிருங்க. உங்களுக்கு என்ன, எந்தப் பக்கமும் பேசுவிய."

அதை அவர் பாராட்டாகத்தான் சொன்னார். நானும் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். முடியாது, இந்த ஒரு தலைப்பில் எனக்கு நம்பிக்கை இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் சிரித்திருப்பார்கள். பத்து நாள் எழுதிய தாள்களை மடித்துக் கைப்பைக்குள் திணித்தேன்.

என் முறை வந்தபோது முதல் ஐந்து நிமிஷம் செத்துப்போனது. கட்டளையை மீறினால் அபராதம் வரும், அபராதம் கடைசியில் நம் தலையில்தான் விடியும் என்றேன். ஒருத்தரும் ரசிக்கவில்லை. குடும்பங்கள் எழுந்து பஜ்ஜிக் கடைப் பக்கம் நகர்ந்தன. மேடையில் இருக்கிறவளுக்கு முதுகு பார்க்கிறது போல ஒரு பயம் வேறு கிடையாது. அந்தப் பயத்தில் வாய் தானாகவே பழகின தடத்துக்குப் போனது.

"காத்தை வாங்கு, வாங்கியே தீரணும்னு அரசாங்கம் சொல்லுது. வாங்குதோம்யா. முதல்ல காத்தாடி சுத்தணும்லா? எங்க வீட்டுக்காரவுக வேலை பாக்குற எடத்துல ஏழாம் நம்பர் காத்தாடி ரெண்டு மாசமா நட்டமா நிக்கி. ஏன் நிக்கின்னு கேட்டேன். உள்ள சக்கரத்துல பல்லு எல்லாம் கொட்டிப்போச்சுன்னாவ. அப்போ லாக் புத்தகத்துல என்ன எழுதுனியன்னு கேட்டேன். 'வாரியம் நிறுத்தச் சொல்லிட்டு'ன்னு எழுதுனேங்காவ. நான் சொன்னேன், நல்ல வேளை, நீங்க எங்க அத்தைக்கு வைத்தியம் பாக்கல. பல்லு இல்லாத கெழவி சாப்பிடலன்னா, 'மருமக சோறு போடல'ன்னுல்லா எழுதியிருப்பிய."

பந்தல் அதிர்ந்தது. நடுவர் மேஜையை அடித்துச் சிரித்தார். பஜ்ஜிக்குப் போனவர்கள் பஜ்ஜியோடு திரும்பி வந்தார்கள். கட்டளை போட்டால் காற்று வராது, கணக்குதான் வரும் என்று முடித்தேன். அன்றைக்கு அந்த மேடையில் வேறு யாருக்கும் அப்படி ஒரு கைத்தட்டல் விழவில்லை. நடுவர் வழக்கம்போல இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று இழுத்து, தேவையே என்று தீர்ப்புச் சொன்னார். தீர்ப்பை யார் கேட்டார்கள்? போகிறவர்கள் எல்லாம் பல்லுப் போன காற்றாடியைத்தான் பேசிக்கொண்டு போனார்கள்.

பின்வரிசையில் இருந்து கேட்ட என் வீட்டுக்காரர் வண்டி நிறுத்துகிற இடத்தில் நின்றார். வீட்டுக்குப் போகிற வழியில் ஆற்றுப் பாலம் தாண்டியதும் கேட்டார்:

"அத ஏன் சொன்ன?"

"பேரு சொல்லலையே. கம்பெனி பேரும் சொல்லல, ஊரு பேரும் சொல்லல."

"ஏழாம் நம்பர்னு சொன்னியே."

சொன்னேன்தான். நான்கு என்றோ ஒன்பது என்றோ மாற்றிச் சொல்லியிருக்கலாம். பொய் சொல்லத் தெரியாதவளா நான்? ஆனால் ஒரு துணுக்கில் ஒரு விவரமாவது கச்சிதமாக இருந்தால்தான் கூட்டம் நம்பும் என்பது எங்கள் தொழில் பாடம். அவருடைய குறட்டையைப் பொய்யாகச் சொல்லிப் பழகியவள், அன்றைக்கென்று பார்த்து உண்மையைச் சொல்லித் தொலைத்தேன்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, சாவியை எடுக்காமலே இன்னொன்றும் கேட்டார். "நான் ஒங்கிட்ட அன்னைக்குச் சொன்னது ஒனக்கு சிரிப்பாவா இருந்துச்சு?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சிரிப்பாக இருந்தது என்பதுதான் உண்மை. இறங்கிக் கதவைத் திறக்கப் போனேன்.

யாரோ போனில் எடுத்த வீடியோ நான்காம் நாள் ஒரு மில்காரர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. ஏழாம் நம்பர் அவருடையது. அவர் கம்பெனியைக் கேட்க, கம்பெனி என் வீட்டுக்காரரைக் கேட்க, அவர் மறுக்கவில்லை. நாளையிலிருந்து வேனில் ஏற வேண்டாம், சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். ஒன்பது நாள் வீட்டில் இருந்தார். காலை ஆறு மணிக்கு முன்பே எழுந்து, குளித்து, சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்காருவார். ஐம்பத்தோரு வயசு. அந்தப் பக்கத்துக் காற்றாலைக் கம்பெனிகள் எல்லாம் ஒன்றுக்கொன்று பழக்கம். ஒருவர் வேண்டாம் என்று அனுப்பிய ஆளை இன்னொருவர் எடுக்க மாட்டார். மகள் நர்சிங் இரண்டாம் வருஷம். ஏணியில் ஏறி இறங்குவதைத் தவிர வேறு வேலையைப் பற்றி அந்த மனுஷன் யோசித்ததே கிடையாது. அந்த ஒன்பது நாளில் என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பத்தாம் நாள் கம்பெனி மேனேஜர் வீட்டுக்கே வந்தார். என்னைவிடச் சின்னவர், பவ்யமாகப் பேசுகிறவர். காபியைக் கையில் வாங்கிக்கொண்டு சொன்னார்.

"டீச்சர், நீங்க மேடைக்காகச் சொன்னதுன்னு எங்களுக்குத் தெரியாதா? அதை நீங்களே எழுதிக் குடுத்துட்டா, மில்லுக்காரவங்கட்டக் காட்டி முடிச்சிருவோம். அண்ணாச்சி நாளைக்கே வேன்ல ஏறலாம். டைப் அடிச்சுக் கொண்டு வரலாம்னு பார்த்தேன். உங்க தமிழ்ல இருந்தா நம்புவாங்க."

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் மேனேஜரிடம் பைய சொன்னார்: "நான் வேணும்னா மில்லுக்காரவுகளை நேர்ல பாத்துச் சொல்லிருதேன் சார். கியர்பாக்ஸ் போயிட்டு, நான்தான் மாத்தி எழுதுனேன்னு. எனக்கும் அது ஒரு மாதிரி இருக்கு."

மேனேஜர் சிரித்தார். "அண்ணாச்சி, சும்மா இருங்க."

வீட்டுக்காரர் அப்படிச் சொல்லுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சொல்லி முடித்தால் வேலை போய்விடும் என்ற பயத்தில், அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மகளுடைய நோட்டிலிருந்து தாளைக் கிழித்து எழுத ஆரம்பித்துவிட்டேன். மேடையில் நான் குறிப்பிட்ட ஏழாம் எண் காற்றாலை நகைச்சுவைக்காக நானே புனைந்தது. அதில் எந்தப் பழுதும் இல்லை. என் கணவர் என்னிடம் அப்படி எதுவும் ஒருபோதும் சொன்னதில்லை. கடைசி வாக்கியத்தை மேனேஜர் கேட்கவே இல்லை. இரண்டு வாக்கியத்தோடு நின்றால் ஓசை குறைகிறது என்று நானாகச் சேர்த்தேன். காற்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாம் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மேனேஜர் சத்தமாகப் படித்துப் பார்த்து, என்ன இருந்தாலும் டீச்சர் டீச்சர்தான் என்றார். என் வீட்டுக்காரர் எழுந்து போய் அவருடைய காபி டம்ளரைக் கழுவி வைத்தார்.

மறுநாள் வேனில் ஏறினார். வேலை பத்திரமாக இருந்தது. என்னிடம் பேசவில்லை என்று சொல்ல முடியாது. உப்பு, புளி, மகளுக்கு அனுப்ப வேண்டிய துணி எல்லாம் பேசினார். வேலையைப் பற்றிக் கேட்டால் மட்டும், "என்ன இருக்கு, சுத்துது" என்பார். ஏழு என்ன ஆனது என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

புரட்டாசியில் ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் ஓர் அழைப்பிதழை வைத்தார். கம்பெனி விழா, திசையன்விளையில் ஒரு கல்யாண மண்டபம். அந்த விதியைப் பற்றிக் கருத்து அனுப்ப வேண்டிய கெடுவை நீட்டியிருக்கிறார்களாம். அதனால் பட்டிமன்றம் வைத்து, வருகிறவர்களிடம் ஆதரவுக் கடிதங்களில் கையெழுத்தும் வாங்கப்போகிறார்களாம். அதே நடுவர், அதே தலைப்பு. எனக்கு 'தேவையே' அணி.

"பேசச் சொன்னாவ. முடியாதுன்னா சொல்லிருதேன்."

"நீங்க என்ன சொல்லுதிய?"

"நான் என்ன சொல்ல இருக்கு? நீ பேசுற ஆளு."

ஒப்புக்கொண்டேன். மறுத்தால் அவர் வேலைக்கு ஏதாவது வந்துவிடும் என்ற பயம் ஒரு காரணம். இன்னொரு காரணத்தைச் சொல்லக் கூசுகிறது. நான் நம்பிய பக்கத்தை எனக்குக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தாள்கள் கைப்பைக்குள் மடித்தபடியே இருந்தன.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் மேடைப் பின்னணியில் கட்டியிருந்த பேனரைப் பார்த்தேன். காற்றாலை படத்துக்குப் பக்கத்தில் லாக் புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். வீணாகும் காற்றுக்குச் சாட்சி என்று மேலே தலைப்பு. கையெழுத்து யாருடையது என்று வாசலிலிருந்தே தெரிந்தது. பிள்ளைகளுக்குக் காட்ட நான் ஆசைப்பட்ட கையெழுத்து. ஏழு என்ற எண்ணுக்கு நேராக, நாள் தவறாமல், வாரியம் நிறுத்தச் சொன்னது, வாரியம் நிறுத்தச் சொன்னது என்று வரிசையாக எழுதியிருந்தது. மற்ற காற்றாலைகளுக்கு நேராகவும் அங்கங்கே அதே வார்த்தைகள் இருந்தன. அவை நிஜம். எது நிஜம், எது பொய் என்று அந்த மண்டபத்தில் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர் ஒருவர்தான். அவர் கம்பெனி பனியன் போட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

நான் எழுதி வைத்ததை எல்லாம் பேசினேன். பங்குனி வெயிலையும் ஆடிக் காற்றையும் சொன்னேன். சான்றிதழ் வாங்கித் தப்பிக்கிற ஓட்டையை அடைக்க வேண்டும் என்றேன். காகிதத்தில் காற்றை வாங்குகிறவர்களை நம்பாதீர்கள் என்று சொல்லும்போது என் முதுகுக்குப் பின்னால் அந்தக் காகிதம் தொங்கிக்கொண்டிருந்தது. நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. இன்றைக்கும் அந்தக் கட்டளை வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கட்டளை என்பது எத்தனை பங்கு என்ற எண்ணோடு நின்றுவிடுகிறது. ஏணியில் ஏறிப் பார்க்கிறவன் எதைப் பார்த்தான், கீழே வந்து அவனை எதை எழுத வைத்தார்கள் என்று கேட்க எந்தக் கட்டளையிலும் ஒரு வரி இல்லை. இதை நான் அந்த மேடையில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எழுதிக் கொடுத்த கைக்கு அந்த யோக்கியதை போய்விட்டது.

நடுவில் கூட்டத்திலிருந்து ஒருவர், "டீச்சர், வீட்டுக்காரர் கதை ஒண்ணு எடுத்து விடுங்க," என்றார். குறட்டையைச் சொன்னேன். எல்லோரும் முன்வரிசையைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவரும், பார்க்கிறார்களே என்று, கொஞ்சம் சிரித்துக் காட்டினார். பேச்சு முடிந்ததும் கை தட்டினார். பக்கத்து ஆள் நிறுத்தியபோது அவரும் நிறுத்தினார். நடுவர் தேவையே என்று தீர்ப்பளித்தார். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஆதரவுக் கடிதங்களில் வரிசையாகக் கையெழுத்து விழுந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக அவர் உட்கார்ந்தார், பக்கத்தில் நான். ஊரைத் தாண்டியதும் செம்மண் காடு. புரட்டாசியிலும் காற்று விடாமல் அடித்தது. பஸ்ஸுக்குள் எல்லார் வாயிலும் மண். வெளியே காற்றாலைகள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்று மட்டும் நின்றது. நம்பர் படிக்கிற தூரம் இல்லை. படிக்க வேண்டிய அவசியமும் இல்லை. அவர் அதைப் பார்த்துக்கொண்டே வந்தார். எத்தனையோ நாளாகத் தொண்டையில் நின்றதைக் கேட்டுவிட்டேன்.

"ஏழாம் நம்பரை இன்னுமா சரி பண்ணல?"

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் கோபப்படவில்லை. நேரம் கேட்டவளுக்கு நேரம் சொல்வது போலச் சொன்னார்.

"அதுல பழுது ஏது? ஒண்ணும் இல்லன்னு நீதான எழுதிக் குடுத்திருக்க."